கால்கட்டும் கைவிலங்கும்

"பையன் பொறுப்பில்லாமல் திரிகிறான். படிப்பு ஏறவில்லை, வேலையிலும் நிலைக்கவில்லை. என்ன செய்வது?" என்று தந்தை கேட்கிறார். "செய்வதென்ன! ஒரு கால்கட்டுப் போட்டுவிடு, தானே அடங்கிவிடுவான்" என்கிறார் திண்ணையிலே சாய்ந்திருக்கும் பெரியவர். தாய் தலையசைக்கிறாள். தரகர் வருகிறார். ஜாதகம் புரட்டப்படுகிறது. எங்கோ ஒரு வீட்டில், புத்தகமும் கையுமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு நாள் குறிக்கப்படுகிறது.

காலைக் கட்டக் கயிறு வேண்டுமல்லவா? அந்தக் கயிறுதான் அவள்! அவன் காலுக்குக் கட்டு. அவள் கைக்கு விலங்கு. கட்டு நாளடைவில் தளர்ந்துவிடும். அவன் மீண்டும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவான். விலங்கோ நாளுக்கு நாள் இறுகும். பெற்றோரால் திருத்த முடியாதவனை, ஆசிரியரால் திருத்த முடியாதவனை, நேற்று வந்த ஒரு பெண் திருத்திவிட வேண்டும். திருத்தாவிட்டால், "வந்தவள் சரியில்லை" என்ற பட்டம் அவளுக்கு!

இது வீட்டிலே நடந்தால் வேதனை; வெள்ளித்திரையிலே நடந்தால் வேடிக்கை. வயது வந்தும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் ஆண்மகனைக் கண்டு தமிழ்நாடு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிரித்து வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். சிரிப்பைக் கண்டிக்க அல்ல; அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க.

நகைச்சுவை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது, முதலிடம் தந்தது நகைக்கே. அந்த நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் கணக்கிட்டார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே பற்றிக்கொள்ளும் தன்மை. எள்ளல் என்பது இகழ்ச்சி. இகழத்தக்கதை இகழ்ந்து நகைப்பது.

நாம் கூறும் படங்களின் நாயகனிடம் இளமை உண்டு. முப்பது வயதிலே மூன்று வயதுக் குறும்பு செய்கிறான். பேதைமை உண்டு, உலகம் எப்படி நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அவனைச் சூழ்ந்திருப்போரிடம் மடன் உண்டு. அவன் அவிழ்த்துவிடும் பொய்யை அப்படியே நம்புவர். நான்கில் மூன்று வந்துவிட்டன. முதலாவதான எள்ளல் எங்கே? அதுதான் நம் கேள்வி. மூன்றும் சிரிக்க வைப்பவை. எள்ளல் ஒன்றுதான் சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைப்பது.

1941-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது 'சபாபதி'. ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய படம். மூலக்கதை பம்மல் சம்பந்த முதலியாருடையது. அவர் வழக்கறிஞர், நீதிபதியாகவும் விளங்கியவர். கூத்தாடுவோரைக் கூடத்திலே ஏற்றவும் கூசிய காலத்தில், 1891-லே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்துப் படித்தோரை மேடையேற்றியவர். அந்தத் தொண்டு மறக்கத்தக்கதன்று.

படத்தின் நாயகன் செல்வர் வீட்டுப் பிள்ளை. டி. ஆர். ராமச்சந்திரன் அந்தப் பாத்திரத்திலே விழித்த விழிப்பும் அசடு வழிந்த அழகும் இன்றும் சிரிப்பூட்டும். பள்ளித் தேர்விலே தேறமாட்டான், தமிழாசிரியரைத் திணறடிப்பான். அவனுக்கு ஒரு வேலைக்காரன். காளி என். ரத்தினம் ஏற்ற வேடம். அவனுக்கும் பெயர் சபாபதியே! எசமான் சபாபதி, ஏவலாள் சபாபதி. பெயர் ஒன்று, மூடத்தனமும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ஒருவன் மெத்தையிலே படுக்கிறான். மற்றவன் அந்த மெத்தையைத் தட்டி விரிக்கிறான். ஒருவன் மூடத்தனம் செய்தால் "குழந்தை" என்று கொஞ்சுகின்றனர். மற்றவன் செய்தால் "மடையன்" என்று ஏசுகின்றனர். வேற்றுமை அறிவிலே இல்லை. பிறந்த வீட்டிலே இருக்கிறது! பம்மலார் இதைப் பிரசாரமாகச் சொல்லவில்லை. ஆனால், இரண்டு மூடர்களுக்கு ஒரே பெயர் சூட்டினாரே, அங்கே ஒரு பொறி இருக்கிறது. கண்ணுடையோர் கண்டுகொள்வர்.

பிறகு என்ன? கால்கட்டுத்தான்! சபாபதிக்கு மணம் முடிகிறது. மணமகள் சிவகாமி படித்தவள், அறிவுடையவள். அவள் பாடம் சொல்லிக் கொடுக்க, கணவன் தேர்விலே தேறுகிறான். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் நிறைந்த 1941-லே, கணவனுக்குக் கற்பிக்கும் மனைவியைத் திரையிலே காட்டியது முன்னேற்றந்தான்; மறுக்கவில்லை. எனினும் ஓர் ஐயம் எழுகிறது. மந்தபுத்தியைத் தேர்விலே தேற்றும் ஆற்றல் படைத்தவளின் அறிவுக்கு, அவனைத் தேற்றுவதைத் தவிர வேறு வேலையே கிடையாதா? சபாபதி தேறினான் என்பதற்காகக் கைதட்டினோம். தேற்றியவளுக்குக் கிடைத்தது என்ன? சபாபதியே!

1948-லே ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்திலே இயற்றப்பட்டது. உழைக்காமல் உண்பதற்குப் பட்டயம் பெற்றிருந்த கூட்டத்தின் ஆட்சிக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சட்டம் முனைந்தது. அடுத்த ஆண்டே, 1949-லே, 'நல்லதம்பி' வந்தான்.

அறிஞர் அண்ணா எழுதிய கதை. 1936-லே அமெரிக்கர் பிராங்க் காப்ரா எடுத்த ஒரு படத்தின் தழுவல். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நல்லதம்பியானார். எளியவன் ஒருவனுக்கு எதிர்பாராமல் ஜமீன் சொத்து வந்து சேருகிறது. சபாபதியிடம் சேர்ந்திருந்தால் சந்தன மஞ்சமும் சதிர்க் கச்சேரியுமாகக் கரைந்திருக்கும். நல்லதம்பியோ, அதை ஊருக்கு உரிய பொருளாகக் கருதுகிறான். மதுவின் கேட்டை எடுத்துக் கூறுகிறான். மக்களுக்குப் பயன்படும் வழியைத் தேடுகிறான். இந்தப் படத்திலேதான் கலைவாணரின் 'கிந்தனார்' கதாகாலட்சேபமும் இடம்பெற்றது. ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் படித்து உயர்ந்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகும் கதை. பழைய நந்தன் தீயிலே மூழ்கி எழுந்தான். புதிய கிந்தன் கல்வியிலே மூழ்கி எழுந்தான்!

இங்கே சிரிப்பு குறைந்ததா? கொட்டகை அதிர்ந்தது! பொறுப்பை ஏற்பவனைக் கொண்டும் சிரிக்க வைக்க முடியும் என்பதை அன்றே மெய்ப்பித்தவர் கலைவாணர். தொல்காப்பியர் கூறிய நான்கிலே முதலாவதான எள்ளலை அவர் கையாண்டார். ஏளனம் யார்மீது? ஏழைமீது அல்ல, பெண்மீது அல்ல, எத்தன்மீது, மூடப்பழக்கத்தின்மீது, உட்கார்ந்து தின்னும் உல்லாசத்தின்மீது. டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு ஈடாக நின்று வாதாடுவார், கேள்வி கேட்பார், மடக்குவார். கணவன் சொல்ல மனைவி தலையாட்டும் காட்சியன்று அது. 1957-லே கலைவாணர் மறைந்தார். சிரிப்பு மறையவில்லை. ஆனால் அதன் திசை மாறிற்று.

1959-லே ஸ்ரீதர் இயக்கிய 'கல்யாணப் பரிசு' வெளிவந்தது. உருக்கமான காதற்கதை. அதன் இடையிடையே கே. ஏ. தங்கவேலு வரும் நகைச்சுவைப் பகுதி. வேலையில்லாத கணவன் அவர். 'மன்னார் அண்டு கம்பெனி'யிலே பெரிய உத்தியோகம் என்று மனைவியிடமும் மாமனாரிடமும் அளக்கிறார். எழுத்தாளர் பைரவன் தாமேதான் என்றும் புளுகுகிறார். மனைவியாக நடித்தவர் எம். சரோஜா. இல்லாத அந்தக் கம்பெனி தமிழர் நாவிலே நிலைத்துவிட்டது. வேலைவெட்டி இல்லாதவனை, "மன்னார் அண்டு கம்பெனியிலே மானேஜரோ?" என்று கேட்கும் வழக்கம் நாட்டிலே பரவிற்று.

சிரித்தோம். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? அதே படத்தின் மையக்கதையிலே, அக்காளின் வாழ்வுக்காகத் தங்கை தன் காதலையே துறக்கிறாள். பெண், தன் மேல் சுமத்தப்படாத பொறுப்பையும் தானாக ஏற்றுக்கொண்டு கண்ணீர் வடிக்கிறாள். ஆண், தனக்கே உரிய பொறுப்பையும் தட்டிக் கழித்துவிட்டுப் பொய் பேசுகிறான். முன்னதைக் கண்டு அழுதோம்; பின்னதைக் கண்டு சிரித்தோம். ஒரே கொட்டகை, ஒரே டிக்கெட்டு, ஒரே படம்! பெண்ணின் கடமை காவியமாயிற்று. ஆணின் கடமை தவறுதல் வேடிக்கையாயிற்று. இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தூண்கள் என்பதை அப்போது எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

ஐந்தாண்டு கழித்து, 1964-லே, அதே ஸ்ரீதர் முழுநீள நகைச்சுவைப் படமாகக் 'காதலிக்க நேரமில்லை'யைத் தந்தார். வண்ணப்படம், வசூலைக் குவித்த படம். சின்னமலை எஸ்டேட் அதிபர் விசுவநாதனாக டி. எஸ். பாலையா. அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷ். எஸ்டேட்டைக் கவனி என்றால் கவனிக்கமாட்டான். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, கதையில்லாத படத்துக்குக் கதாநாயகி தேடுவான். தந்தைக்கு அவன் பேய்க்கதை கூறும் காட்சியும், பாலையா நடுங்கும் நடுக்கமும் காலத்தை வென்றவை. நாமும் அதைப் பலமுறை கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவர்களே.

ஆனாலும் கணக்கு என்றால் கணக்குத்தான்! செல்லப்பாவின் வேடிக்கைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எஸ்டேட்டிலிருந்து. ஜமீன் சட்டத்தால் போயிற்று, செல்லப்பிள்ளை போகவில்லை. ஜமீன்தார் மகன் உடை மாற்றிக்கொண்டு எஸ்டேட் அதிபர் மகனாக வந்துவிட்டான்! அதே படத்தில் அசோகன் என்ற இளைஞன், எஸ்டேட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டவன், அதிபரின் வீட்டுக்கு எதிரிலே கூடாரமடித்துப் போராடுகிறான். காதலிலே வெல்ல அவன் பணக்காரன் மகனாக வேடம் புனைய வேண்டியிருக்கிறது. உழைக்க விரும்புவோன் வேடமிட வேண்டும். உழைக்க விரும்பாதோன் உள்ளபடியே இருக்கலாம். சிரிப்பின் அடியிலே இந்த உண்மை உறங்குகிறது. தட்டி எழுப்பத்தான் ஆளில்லை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குதல் வேண்டும். வேலை இல்லாதவன் வேறு. வேலை வேண்டாதவன் வேறு. 1980-லே கே. பாலசந்தர் எடுத்த 'வறுமையின் நிறம் சிவப்பு' நகைச்சுவைப் படமன்று. படித்த இளைஞர்கள் தில்லித் தெருக்களிலே வேலை தேடி, வயிறு காய்ந்து, வாடும் கதை. அதன் நாயகன் முடிவிலே முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். எந்தத் தொழிலும் இழிந்ததன்று என்று நிமிர்ந்து நிற்கிறான். அவனைப் பார்த்துச் சிரிப்போர் மனிதரல்லர். பசித்தவனைப் 'பொறுப்பில்லாதவன்' என்று பழிப்பது, பந்தியிலே அமர்ந்தவனின் பேச்சு. நாம் கேட்பது, இலை போட்டும் எழுந்து கைகழுவ மறுப்பவனைப் பற்றி.

முப்பது ஆண்டு உருண்டோடிற்று. 2010-லே எம். ராஜேஷ் இயக்கிய 'பாஸ் என்கிற பாஸ்கரன்' வந்தான். ஆர்யா நாயகன். பட்டப்படிப்பிலே தேறாத பாடங்கள் ஆண்டுக் கணக்கில் நிலுவை. தாயும் அண்ணனும் தங்கையும் உள்ள வீட்டிலே உண்டு உறங்கித் திரிகிறான். அண்ணன் மணக்கும் பெண்ணின் தங்கைமீது காதல். மணப்பேச்சு எழும்போது, எதைக்கொண்டு குடும்பம் நடத்துவாய் என்ற கேள்வியும் எழுகிறது. வீட்டை விட்டு வெளியேறுகிறான். தேர்விலே தவறிய மாணவர்களுக்குப் பயிற்சி நிலையம் தொடங்குகிறான்.

ஒன்றை மனமாரப் பாராட்டுவோம். சபாபதி காலத்தில், 'முதலில் மணம், பிறகு பொறுப்பு' என்பது முறை. பாஸ்கரன் காலத்தில், 'முதலில் பொறுப்பு, பிறகு மணம்' என்றாயிற்று. பெண் வீட்டார் கேள்வி கேட்கத் துணிந்திருக்கின்றனர். எழுபது ஆண்டுகளில் கால்கட்டு சற்றே அவிழ்ந்திருக்கிறது.

ஆயினும், அந்தப் படத்தில் இன்னொருவன் இருக்கிறான். சந்தானம் ஏற்ற வேடம். முடிதிருத்தகம் நடத்துகிறான், சொந்த உழைப்பில் வாழ்கிறான். நாயகன் இழுத்துவிடும் தொல்லைகளில் எல்லாம் சிக்குபவன் அவனே. அவன் பெயர் என்ன தெரியுமா? நல்லதம்பி! 1949-லே நல்லதம்பி நாயகன். சிரிக்க வைத்தவன் அவன். 2010-லே நல்லதம்பி நாயகனின் தோழன், சிரிக்கப்படுபவனும் அவன். உழைப்பவன் கேலிப்பொருள், உழைக்காதவன் காதல் நாயகன். பெயர் தற்செயலாக ஒத்திருக்கலாம். ஆனால், இடம் மாறியது தற்செயலன்று.

2013-லே 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' வந்தது. பெயரே கதையைச் சொல்லும். வேலையற்ற இளைஞர்கள், வீண்பேச்சு, விளையாட்டு. ஆனால் அந்த வீணர்களும் ஓர் அரிய செயலைச் செய்கின்றனர். பள்ளியிலே படிக்கும் சிறுமிக்கு நடக்கவிருந்த திருமணத்தைக் காவல்துறைக்கு அறிவித்துத் தடுத்துவிடுகின்றனர். அங்கே ஒரு கணம், கலைவாணரின் கைவண்ணம் தெரிகிறது. இவ்வகைப் படம் என்றாலே இழிந்தது என்று நாம் கூறவில்லை என்பதற்கு இதுவே சான்று. பெண்ணுக்குக் கைவிலங்கு பூட்டப்படுவதைத் தடுத்தானே ஒருவன், அந்த ஒரு செயலால் அவன் ஊர் சுற்றியதை மன்னிக்கலாம் போலத் தோன்றுகிறது!

"ஏனய்யா இத்தனை ஆராய்ச்சி? உழைத்துக் களைத்தவன் இரண்டரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போகட்டுமே" என்பர் நண்பர்கள். சிரிக்கட்டும். உழைத்துக் களைத்தவன் சிரிக்கட்டும். உழைத்துக் களைத்தவளும் சிரிக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

நாம் பாடம் நடத்தும் வகுப்பிலே ஒரு சிறுமி, ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். காரணம் கேட்டோம். தாய் கூலி வேலைக்குப் போய்விட்டாளாம். வீட்டிலிருந்த அண்ணனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, பாத்திரம் துலக்கி முடிக்க இரவாகிவிட்டதாம். "அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்றோம். "படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னாள். அந்த இயல்புதான் நம்மைச் சுட்டது. கண்டிக்க எடுத்த பிரம்பு கையிலே கனத்தது.

அவள் ஒருத்தியா? 2019-லே இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு கணக்குத் தந்தது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண், நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறாள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதுவும் ஈடுபடும் ஆணின் கணக்கு. ஈடுபடாத ஆண்களோ ஏராளம்! ஏறத்தாழ ஐந்து மணி நேரம், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வீட்டிலும், யாரோ ஒருத்தி நாயகனின் பொறுப்பைச் சுமந்துகொண்டிருக்கிறாள். திரையில் அவள் தெரிவதில்லை. தட்டிலே சோறு மட்டும் தெரிகிறது.

ஒன்று கேட்போம். முப்பது வயது வரை ஊர் சுற்றி, தேர்விலே தோற்று, தந்தையின் பணத்தைக் கரைத்து, பொய் பேசித் திரிந்து, முடிவிலே அழகும் அறிவும் மிக்க ஆண்மகனை மணக்கும் பெண்ணைக் கதாநாயகியாக்கிச் சிரித்த படங்கள் எத்தனை? விரல்விட்டு எண்ணுவதற்கும் விரல் மிகும்! ஆணின் பொறுப்பின்மைக்குப் பெயர் குறும்பு. பெண்ணின் பொறுப்பின்மைக்குப் பெயர் அடங்காமை. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை வகுத்த மனுவின் நிழல், கொட்டகை இருட்டிலும் நீண்டுகிடக்கிறது. அந்த நிழலைக் கிழித்த ஒளியும் உண்டு. 1994-லே வந்த 'மகளிர் மட்டும்', ஒரே அலுவலகத்திலே பணிபுரியும் மூன்று பெண்கள், தொல்லை தரும் மேலதிகாரியை மடக்கும் கதை. அங்கே சிரித்தவர்கள் உழைத்தவர்கள். கொட்டகையிலே சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

1929-லே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றது. அறுபது ஆண்டு கழித்து, 1989-லே, தமிழ்நாட்டுச் சட்டம் அதை வழங்கிற்று. 1967-லே அண்ணாவின் ஆட்சி, சுயமரியாதைத் திருமணம் செல்லுமென்று சட்டமியற்றியது. 2023-லே, குடும்பத் தலைவியின் உழைப்பையும் உழைப்பென மதித்து, மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கும் திட்டம் தொடங்கிற்று. உதவித் தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத் தொகை என்றனர். அந்த ஒரு சொல்லிலே நூற்றாண்டுப் போராட்டம் அடங்கியிருக்கிறது. சட்டம் மாறிற்று, ஆட்சி மாறிற்று, சிரிப்பு மாறவேண்டாமா? ஒரு சமுதாயம் எதற்காக அழுகிறது என்பதைவிட, எதைக் கண்டு சிரிக்கிறது என்பதைக் கொண்டு அதன் உள்ளத்தை அறியலாம்.

வள்ளுவர் மடியின்மையை 61-ஆம் அதிகாரத்திலும், ஆள்வினையுடைமையை 62-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். துன்பம் வரும்போது நகைக்கச் சொல்லும் இடுக்கணழியாமையை 63-ஆம் அதிகாரமாக அதன் பின்னரே வைத்தார். சோம்பலை விடு, முயற்சியில் இறங்கு, அதன் பிறகு வரும் துன்பத்தைப் பார்த்துச் சிரி. அந்தச் சிரிப்பு ஆண்மைக்கும் அழகு, பெண்மைக்கும் அழகு. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், நாம் சிரிப்போம். துன்பத்தை வேறொருத்தி சுமப்பாள்.

ஆகவே, திண்ணைப் பெரியவருக்கு ஒரு விண்ணப்பம். பையன் திரிகிறான் என்றால் காலைக் கட்டாதீர். கையிலே வேலையைக் கொடுங்கள். முதல் வேலையாக, அவன் உண்ட தட்டை அவனே கழுவட்டும். தங்கை வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்கட்டும். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் அருகருகே அமர்ந்து, அந்தப் பேய்க்கதைக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கட்டும். அப்போது நாமும் சேர்ந்து சிரிப்போம்!